ஸ்மால் பிளைண்டில் எந்தக் கையோடு ஆட்டத்தில் இறங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: நோ லிமிட் ஹோல்டெம் போக்கரில் சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயத் தொகை போட வேண்டும்; பெரியது பிக் பிளைண்ட், சிறியது ஸ்மால் பிளைண்ட். ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்தால் பாதித் தொகை ஏற்கெனவே உள்ளே போய்விடுகிறது. இன்னொரு பாதியைப் போட்டால் ஃபிளாப் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்த்துவிடலாம். அப்படியிருக்க கிங்-9 ஆஃப்சூட் (வெவ்வேறு சின்னம்), 4-4, 8-7 சூட்டட் (ஒரே சின்னம்) மாதிரியான கைகளைக்கூட ஃபோல்ட் செய்யச் (கைவிடச்) சொல்கிறார்களே, ஏன்? எதை ஆடலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டா?

ஒரே பட்டியல் கிடையாது. உங்களுக்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து பட்டியலே மாறிவிடும். நீங்கள் சொன்ன 8-7 சூட்டட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்காரர் (பிக் பிளைண்டுக்கு அடுத்து உட்கார்ந்து முதலில் பேசுபவர்) ரெய்ஸ் செய்திருந்தால், அதாவது தொகையை ஏற்றியிருந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டும். மூன்று பேர் லிம்ப் செய்திருந்தால் (ஏற்றாமல் பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டிருந்தால்) கண்ணை மூடிக்கொண்டு மீதிப் பாதியைப் போடலாம். எல்லாரும் ஃபோல்ட் செய்துவிட்டு பிக் பிளைண்ட் மட்டும் மிச்சமிருந்தால் அதே கையோடு ரெய்ஸ் செய்யலாம். அதனால் கையைப் பார்ப்பதற்கு முன்னால் மேசையைப் பார்க்கும் பழக்கம்தான் இந்த இடத்துக்கு முதலில் வேண்டும்.

கீழே எல்லாத் தொகையையும் பிக் பிளைண்ட் அளவில் சொல்கிறேன். பிக் பிளைண்ட் 1, ஸ்மால் பிளைண்ட் அரை, ஆறு பேர் மேசை, ஒவ்வொருவரிடமும் 100 பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த 'ஏற்கெனவே போட்ட பாதி'. அது இப்போது உங்கள் பணம் இல்லை, நடுவில் கிடக்கும் பணம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பதுதான் இந்த இடத்தில் பலருக்கும் கையில் இருப்பதையும் கரைக்கிறது. கணக்கு இப்படி: ஸ்மால் பிளைண்டில் வரும் ஒவ்வொரு கையையும் பார்க்காமலே ஃபோல்ட் செய்தால் நூறு கைக்கு 50 பிளைண்ட் நஷ்டம். மிக நன்றாக ஆடுகிறவர்களும் இந்த இடத்தில் நீண்டகாலக் கணக்கில் நஷ்டத்தில்தான் இருப்பார்கள். அந்த 50-ஐ எவ்வளவு குறைக்கிறோம் என்பதே இங்கே வெற்றியின் அளவு. லாபம் பட்டனிலும் (ஃபிளாப் முதல் கடைசியில் பேசும் இடம்) அதற்கு முந்தைய இடத்திலும் வரும். ஸ்மால் பிளைண்டில் லாபம் பார்த்தே தீருவேன் என்று உட்காருகிறவர் 50 நஷ்டத்தை 70 ஆக்கிக்கொள்வார்.

இவ்வளவு மோசமான இடமாக இருக்கக் காரணம், ஃபிளாப்புக்கு அப்புறம் நடப்பது. சீட்டு கொடுத்த சுற்றில் உங்களுக்குப் பின்னால் பிக் பிளைண்ட் ஒருவர்தான் இருக்கிறார். வசதியாகத்தான் தெரியும். ஆனால் ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் முதலில் பேச வேண்டியவர் நீங்கள். எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் மூன்று முறை முடிவெடுக்கிறீர்கள். அவரோ ஒவ்வொரு முறையும் உங்கள் முடிவைப் பார்த்துவிட்டு ஆடுகிறார். உங்கள் கை நன்றாக அமையாதபோது அவரால் உங்களை எளிதாகத் தள்ளிவிட முடியும். நன்றாக அமைந்தபோது, பின்னால் செக் செய்து (பணம் வைக்காமல் கடந்து) பாட்டை, அதாவது நடுவில் சேரும் பணத்தை, சிறிதாகவே வைத்துக்கொள்ளவும் முடியும்.

'மலிவாகக் கிடைக்கிறதே' என்ற வாதத்தையும் எண்ணிலேயே பார்த்துவிடலாம். எல்லாரும் ஃபோல்ட் செய்துவிட்டார்கள், நீங்கள் அரை பிளைண்ட் போட்டு 2 பிளைண்ட் பாட்டுக்குப் போட்டியிடுகிறீர்கள். கால்வாசி, அதாவது 25 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தால் போதும். ஹோல்டெமில் ஆகக் கீழான கை 3-2 ஆஃப்சூட். ஏதோ ஒரு கைக்கு எதிராக, ஐந்து சீட்டும் விழும்வரை யாரும் பெட் செய்யாமல் (பணம் வைக்காமல்) பார்த்தால், அதற்கும் 32 சதவீதம் வாய்ப்பு உண்டு. பேர்பெற்ற குப்பையான 7-2 ஆஃப்சூட்டுக்கு 34 சதவீதத்துக்கு மேல். இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் எந்தக் கையையும் ஃபோல்ட் செய்யவே கூடாது என்றாகிறது.

அந்த 32 சதவீதம் கைக்கு வராது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜோடி இல்லாத எந்த இரண்டு சீட்டும் ஃபிளாப்பில் ஜோடியோ அதற்கு மேலோ சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை. மீதி இரண்டு முறை உங்களிடம் ஒன்றுமில்லை, முதலில் பேச வேண்டும், எதிராளி பெட் வைத்தால் போய்விடுவீர்கள். ரிவர் வரை போயிருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய எத்தனையோ கைகள் ஃபிளாப்பிலேயே கைநழுவும். பட்டனில் இருப்பவர் தன் கையின் வாய்ப்பை முழுதாகவோ அதற்கும் மேலாகவோ பணமாக்கிக்கொள்கிறார். முதலில் பேசுகிறவர் குறைவாகத்தான் எடுக்கிறார். பலவீனமான, சேராத ஆஃப்சூட் கைகளில் இந்தக் குறைவு மிக அதிகம். ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் கைகளில் குறைவு கொஞ்சம் கம்மி, ஏனென்றால் அவை ஃபிளாப்பில் டிரா (இன்னொரு சீட்டு விழுந்தால் பெரிய கையாகும் நிலை) பிடித்து நிலைத்து நிற்கும். பெரிய ஜோடிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆக, கை தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியது 'எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு' என்பதோடு, 'முதலில் பேசிக்கொண்டே இதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும்' என்பதும்தான்.

சரி, நிலைமைகளுக்கு வருவோம். அடிக்கடி வருவதும், அதிகம் பணம் போவதும், முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருக்கும்போதுதான்.

பட்டன் 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார் என்று வையுங்கள். நீங்கள் கால் செய்ய (அவர் தொகைக்குச் சமமாகப் போட) 2 போட வேண்டும். பாட் 6 ஆகும், ஆக 33 சதவீதம் தேவை. பிக் பிளைண்ட் இதே ரெய்ஸுக்கு 1.5 போட்டால் போதும், அவருக்கு 27 சதவீதம் தேவை. அதோடு அவர் கால் செய்தால் அந்தச் சுற்று முடிந்தது. நீங்கள் கால் செய்தாலோ பின்னால் பிக் பிளைண்ட் காத்திருக்கிறார். உங்கள் கால் விழுந்ததுமே பாட்டில் 6 பிளைண்ட் இருக்கும், அவருக்கு 1.5 போட்டால் ஆட்டம். 20 சதவீதம் போதும் என்பதால் அவர் கண்டதையும் வைத்துக்கொண்டு உள்ளே வருவார். இல்லாவிட்டால் பெரிய ரெய்ஸாக ஒன்றைப் போட்டு இரண்டு பேரையும் விரட்டுவார். இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை. ரேக் (ஆட்டம் நடத்துகிறவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) எடுக்கும் மேசையாக இருந்தால் இன்னொரு பாரமும் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஃபிளாப் வராமல் முடிந்த கைக்கு ரேக் எடுப்பதில்லை, ஃபிளாப் வந்தால் எடுக்கிறார்கள். கால் செய்து சிறிய பாட்டில் ஃபிளாப் பார்க்கிறவர் ரேக்கையும் கட்டுகிறார்.

இதனால்தான் அனுபவசாலிகள் இந்த இடத்தில் 'த்ரீ-பெட் (ரெய்ஸுக்கு மேல் மறுபடி ரெய்ஸ்) அல்லது ஃபோல்ட்' என்று ஆடச் சொல்கிறார்கள். கணினி சால்வர்கள் (மிகச் சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் நிரல்கள்) ரேக் இல்லாத ஆட்டத்தில் சில கைகளைக் கால் செய்யத்தான் செய்கின்றன. ரேக் ஏற ஏற அந்தக் கால் பட்டியல் சுருங்கி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் கால் என்ற பொத்தானே இல்லை என்று நினைத்து ஆடுவது நல்லது. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதில்தான் தொடங்குவேன்.

த்ரீ-பெட் செய்தால் என்ன மாறுகிறது? பட்டனின் 2.5-க்கு நீங்கள் 11 வரை ஏற்றுகிறீர்கள். முதலில் பேசும் இடத்திலிருந்து ஏற்றும்போது எதிராளியின் ரெய்ஸைப் போல நான்கு மடங்கோ கொஞ்சம் மேலோ வைக்க வேண்டும், மூன்று மடங்கு போதாது. கூடுதலாக நீங்கள் போடுவது 10.5, நடுவில் கிடப்பது 4. இருவரும் ஃபோல்ட் செய்தாலே லாபம் என்று மட்டும் பார்த்தால் 72 சதவீதம் ஃபோல்ட் தேவை. அவ்வளவு கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம், ஏனென்றால் கால் செய்யப்பட்டாலும் உங்கள் கைக்கு வாய்ப்பு இருக்கிறது. பட்டன் கால் செய்தால் பாட் 23, ஆளுக்கு மிச்சம் 89. பாட்டைப் போல நான்கு மடங்குதான் பின்னால் இருக்கிறது. ஃபிளாப்பில் மேல் ஜோடி பிடித்தால் பெரிய குழப்பம் இல்லாமல் ஆடலாம். கால் மட்டும் செய்து, பிக் பிளைண்டும் ஃபோல்ட் செய்திருந்தால் பாட் 6, மிச்சம் 97.5, அதாவது பதினாறு மடங்கு. பின்னால் இவ்வளவு பணம் இருக்கும்போது கடைசியில் பேசுகிறவரின் கை ஓங்கிவிடும். பாட்டைப் பெரிதாக்கி, மிச்சத்தைச் சுருக்கி ஆடுவது முதலில் பேசும் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

பட்டனில் நன்றாக ஆடுகிறவர் நூற்றுக்கு 40, 45 கைகளை ரெய்ஸ் செய்வார். அவருக்கு எதிராக நான் கொடுக்கும் தொடக்கப் பட்டியல் இது: 8-8 முதல் ஏஸ்-ஏஸ் வரை எல்லா ஜோடியும்; சூட்டட்டில் ஏஸ்-9 முதல் ஏஸ்-கிங் வரை, கூடவே ஏஸ்-5, ஏஸ்-4; கிங்-10, கிங்-ஜாக், கிங்-குயின்; குயின்-10, குயின்-ஜாக்; ஜாக்-10. ஆஃப்சூட்டில் ஏஸ்-ஜாக், ஏஸ்-குயின், ஏஸ்-கிங், கிங்-குயின் மட்டும். சின்னங்களையும் பிரித்து எண்ணிப் பார்த்தால் 142 சேர்க்கை வரும். ஹோல்டெமில் மொத்தம் 1,326 சேர்க்கை. அதில் இது ஏறத்தாழ 10.7 சதவீதம். இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஓரங்களில் இரண்டு மூன்று கை கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் 20 சதவீதமாக்கிவிடக் கூடாது.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது: ஏஸ்-5 சூட்டட் இருக்கிறது, ஏஸ்-10 ஆஃப்சூட் ஏன் இல்லை? தனியாகப் பார்த்தால் ஏஸ்-10 பெரிய கைதான். ஆனால் உங்கள் த்ரீ-பெட்டைக் கால் செய்யும் கைகளை நினைத்துப் பாருங்கள்: ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், 10-10, ஜாக்-ஜாக். ஏஸ் விழுந்தால் ஏஸ்-குயினிடம் பணம் போகும், விழாவிட்டால் ஜோடிகளிடம் போகும். பெரிய ஏஸுக்கு எதிராகச் சிறிய ஏஸின் வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசிதான். ஏஸ்-5 சூட்டட்டும் அதே ஏஸிடம் தோற்கும், ஆனால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமைந்தால் ஏறக்குறைய எப்போதும் அதுவே மேலான ஃபிளஷ். 2-3-4 விழுந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு). உங்கள் கையில் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ்-ஏஸ் கிடைக்கும் சேர்க்கை 6-இலிருந்து 3 ஆகக் குறைகிறது, ஏஸ்-கிங் 16-இலிருந்து 12 ஆகிறது. அவர் திருப்பி ஏற்றினால் வருத்தமில்லாமல் ஃபோல்ட் செய்யவும் முடியும். ஏஸ்-10 ஆஃப்சூட்டை வைத்திருப்பவருக்கு ஃபோல்ட் செய்ய மனசு வராது. எவ்வளவு இழப்போம் என்பதும் கைத் தேர்வில் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

நீங்கள் கேட்ட கிங்-9 ஆஃப்சூட் இங்கே நேராக ஃபோல்ட். 4-4-ம் ஃபோல்ட்தான். சின்ன ஜோடிக்குச் செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) விழுவது 11.8 சதவீதம், எட்டரை முறைக்கு ஒரு முறை. பட்டனின் கைப்பட்டியல் அகலமானது, அதில் பெரும்பாலும் பலமான கை இருக்காது. உங்களுக்குச் செட் விழும் அந்த ஒரு முறையில் அவர் தன் ஸ்டாக்கையே (முன்னால் வைத்திருக்கும் மொத்தப் பணத்தையே) கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மற்ற ஏழெட்டு முறை போட்ட பணத்தை அது ஈடுகட்டாது.

ரெய்ஸ் செய்தவர் பட்டன் இல்லை, முதல் இடத்துக்காரர் என்றால் பட்டியல் பாதிக்கும் கீழே போக வேண்டும். ஆறு பேர் மேசையில் அவர் நூற்றுக்கு 15 முதல் 18 கை வரைதான் திறப்பார் (முதல் ரெய்ஸ் செய்வார்), ஒன்பது பேர் மேசையில் இன்னும் குறைவு. நான் 10-10 முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-கிங் இரண்டு வகையும், ஏஸ்-குயின் சூட்டட், கிங்-குயின் சூட்டட், ஏஸ்-5 சூட்டட் என்று 58 சேர்க்கையோடு நிறுத்திக்கொள்வேன். 4.4 சதவீதம். ஏஸ்-ஜாக் ஆஃப்சூட்டையும் கிங்-குயின் ஆஃப்சூட்டையும் இங்கே ஃபோல்ட் செய்வது பலருக்குக் கசக்கும். அவர்கள் கையில் இருக்கும் படச்சீட்டைப் பார்க்கிறார்கள், ரெய்ஸ் வந்த நாற்காலியைப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் ஓரளவு ஒழுங்காக ஆடும் மேசைக்கு. நண்பர்கள் வீட்டு ஆட்டத்தில் நிலைமை வேறு. ஒருவர் 5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்வார், மூன்று பேர் கால் செய்திருப்பார்கள், உங்கள் முறை வரும்போது பாட்டில் 21.5 இருக்கும். நீங்கள் இன்னும் 4.5 போட வேண்டும், 17 சதவீதம் போதும். இங்கே 4-4-ஐக் கால் செய்யலாம். செட் விழுந்தால் நான்கு பேரில் யாரோ ஒருவர் பணம் கொடுப்பார். ஆனால் ஏஸ்-5 சூட்டட்டை வைத்து விரட்டப் பார்க்காதீர்கள், இவர்கள் ஃபோல்ட் செய்ய மாட்டார்கள். த்ரீ-பெட் செய்தால் ஏஸ்-கிங், குயின்-குயின் மாதிரி உண்மையிலேயே மேலான கையோடு, பெரிய தொகையாகச் செய்யுங்கள்.

இரண்டாவது, ரெய்ஸ் இல்லாமல் சிலர் லிம்ப் மட்டும் செய்திருக்கும் நிலைமை. ஒருவர் லிம்ப் செய்திருந்தால் உங்களுக்குத் தேவை 17 சதவீதம். இருவர் என்றால் 12.5. நான்கு பேர் என்றால் 8 சொச்சம். இந்த விலைக்கு நிறைய கைகளை ஆடலாம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. ஐந்தாறு பேர் பார்க்கும் ஃபிளாப்பில் நடுத்தர ஜோடி எதற்கும் உதவாது. அமைந்தால் மேலான கையாக அமைய வேண்டும். அதனால் சின்ன ஜோடிகள், சூட்டட் ஏஸ் எல்லாமே, 8-7, 7-6, 9-7 மாதிரி சூட்டட் தொடர்கள் உள்ளே. கிங்-6 ஆஃப்சூட், குயின்-8 ஆஃப்சூட், 9-3 எல்லாம் விலை எவ்வளவு மலிவானாலும் வெளியே. கிங் விழுந்து நீங்கள் பெட் வைக்கும்போது கால் செய்கிறவர் கையில் கிங்-ஜாக் இருக்கும். இந்த மாதிரி கையில் சிறு பாட்டை ஜெயித்து, பெரும் பாட்டைத் தோற்பீர்கள். பலமான கை வந்தால் சும்மா சேர்ந்துகொள்ளாமல் 5 பிளைண்டும், ஒவ்வொரு லிம்பருக்கும் 1 கூடுதலாகவும் ரெய்ஸ் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்மால் பிளைண்ட் எப்போதும் பிக் பிளைண்டில் பாதி இல்லை. அமெரிக்கக் கேசினோக்களில் 1/3 டாலர் (ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3), 2/5 டாலர் மேசைகள் மிகச் சாதாரணம். எல்லாரும் ஃபோல்ட் செய்த நிலையில், 1/3 மேசையில் நீங்கள் 2 டாலர் போட்டு 6 டாலர் பாட்டுக்கு ஆடுகிறீர்கள். 25 சதவீதம் 33 ஆகிவிட்டது. 2/5-இல் 30. பாதி பிளைண்ட் மேசைக்கான பட்டியலை அப்படியே அங்கே கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது நிலைமைதான் எனக்கு மிகவும் பிடித்தது: எல்லாரும் ஃபோல்ட், நீங்களும் பிக் பிளைண்டும் மட்டும். முன்னால் சொன்ன கஞ்சத்தனத்தை எல்லாம் இங்கே ஓரமாக வைத்துவிடலாம். எதிரே ஒரே ஒருவர், அவர் கையில் இருப்பது தேர்ந்தெடுக்காத ஏதோ இரண்டு சீட்டு. 3 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் நீங்கள் கூடுதலாகப் போடுவது 2.5, கிடைப்பது 1.5. அவர் 62.5 சதவீதம் ஃபோல்ட் செய்தால் எந்தக் கையை வைத்தும் உடனடி லாபம். நல்ல ஆட்டக்காரர் அவ்வளவு ஃபோல்ட் செய்ய மாட்டார். அவருக்கு 33 சதவீதம்தான் தேவை, கடைசியில் பேசும் வசதியும் அவருடையது. ஆனால் சாதாரண மேசைகளில் பிக் பிளைண்டை அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறவர்கள் ஏராளம்.

ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் என்று மட்டும் ஆடினால் ஏறத்தாழ 40 சதவீதக் கைகளைத் திறக்கலாம். என் பட்டியலில் எல்லா ஜோடியும், எந்த ஏஸும், எந்த சூட்டட் கிங்கும் உண்டு. அதோடு கிங்-8 முதல் மேலே ஆஃப்சூட், குயின்-5 முதல் சூட்டட், குயின்-9 முதல் ஆஃப்சூட், ஜாக்-7 முதல் சூட்டட், ஜாக்-9 முதல் ஆஃப்சூட். கீழே 10-9 இரண்டு வகையும், 10-8, 10-7, 9-8, 9-7, 8-7, 8-6, 7-6, 7-5, 6-5, 5-4 சூட்டட்டும். 534 சேர்க்கை. நீங்கள் கேட்ட மூன்று கையும் இதில் இருக்கிறது. பட்டனின் ரெய்ஸுக்கு எதிராக மூன்றையும் ஃபோல்ட் செய்யச் சொன்னேன், இங்கே மூன்றையும் ரெய்ஸ் செய்யச் சொல்கிறேன். சீட்டு அதேதான், எதிரே உள்ள கைகள் மாறிவிட்டன.

அப்படியானால் இங்கே லிம்ப் செய்வது தவறா? இல்லை, அதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோம் பிரவுனும் துவோமாஸ் சாண்ட்ஹோமும், ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவோடு சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் ஹோல்டெமில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. 2019 ஜூலையில் 'சயன்ஸ்' இதழில் அதன் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த நிரலுக்கு மனிதர் ஆடிய ஆட்டம் எதையும் காட்டவில்லை, தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்றது. தொடக்கத்தில் லிம்ப் செய்து பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கைவிட்டது. லிம்ப் செய்வது சரியல்ல என்ற பழைய பாடத்துக்கு அது கண்ட ஒரே விதிவிலக்கு ஸ்மால் பிளைண்ட். பாதி விலை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பதே அதற்குக் காரணம் என்று கட்டுரை சொல்கிறது.

கேள்வியில் இருந்த உள்ளுணர்வு, ஆக, இந்த ஒரு நிலைமையில் சரிதான். சால்வர்களும் இங்கே மிக நிறைய லிம்ப் செய்கின்றன. ஆனால் அவை ஏஸ்-ஏஸ், ஏஸ்-ஜாக் போன்ற பலமான கைகளையும் அவ்வப்போது லிம்ப் செய்கின்றன. அதனால் பிக் பிளைண்ட் நினைத்தபடி ஏற்ற முடிவதில்லை. மனிதர்கள் நல்ல கையை ரெய்ஸ் செய்துவிட்டு மிச்சத்தை லிம்ப் செய்கிறார்கள். விவரமான பிக் பிளைண்ட் இரண்டு சுற்றிலேயே அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு லிம்பையும் ரெய்ஸ் செய்து விரட்டுவார். லிம்ப் பட்டியலில் பலமான கையைக் கலக்கும் அளவுக்குப் பழகும்வரை ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் போதும்.

பிக் பிளைண்டில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் இங்கே நிறையவே கணக்கு. விட்டுக்கொடுக்கிறவர் என்றால் 40-ஐ 55 ஆக்குங்கள். ரெய்ஸைத் திருப்பி ஏற்றிக்கொண்டே இருப்பவர் என்றால் கிங்-8 ஆஃப்சூட், 7-5 போன்ற ஓரக் கைகளை வெட்டுங்கள். எதையும் ஃபோல்ட் செய்யாமல் ரிவர் வரை கால் செய்கிறவர் என்றால் சின்ன சூட்டட் கைகளைக் குறைத்து, ஏஸ்களையும் பெரிய கிங்களையும் வைத்து, ரெய்ஸ் அளவை 4 வரை கூட்டுங்கள். அவரிடம் மிரட்டல் வேலைக்கு ஆகாது, நல்ல ஜோடி மூன்று முறையும் பணம் வாங்கும்.

டோர்னமென்ட் என்றால் இரண்டு மாற்றம். பிக் பிளைண்ட் ஆன்டே (பிக் பிளைண்டில் இருப்பவர் மேசைக்காகக் கூடுதலாகப் போடும் 1 பிளைண்ட்) இருந்தால் எல்லாரும் ஃபோல்ட் செய்த பிறகும் பாட்டில் 2.5 கிடக்கிறது. அரை பிளைண்டுக்குத் தேவை 17 சதவீதமே. இங்கே லிம்ப் பட்டியல் நன்றாக விரியலாம். அடுத்து, ஸ்டாக் 10 பிளைண்டுக்கு வந்துவிட்டால் சின்ன ரெய்ஸ்களுக்கு அவ்வளவு வேலையில்லை. எந்த ஜோடியும், எந்த ஏஸும், எந்த சூட்டட் கிங்கும், இன்னும் பலவும் நேராக ஆல்-இன் போகலாம் (முழு ஸ்டாக்கையும் போடலாம்). ஆல்-இன் போய்விட்டால் முதலில் பேசும் தொல்லையே இல்லை, கைக்குள்ள வாய்ப்பு முழுதாக வந்து சேரும். பரிசுப் பணம் நெருங்கும் நேரத்தில், பிக் பிளைண்டில் உங்களைவிடப் பெரிய ஸ்டாக் இருந்தால் இதையும் கொஞ்சம் சுருக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. மேலே உள்ளதைப் பழக பணமே தேவையில்லை, சும்மா சிப்ஸ் வைத்து வீட்டில் ஆடினாலும் இதே கணக்குத்தான். ஒரே நிபந்தனை, சிப்ஸுக்கு மதிப்பு இருப்பதாக நினைத்து எல்லாரும் ஆட வேண்டும்.

பழகும்போது பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஸ்மால் பிளைண்டில் வந்த ஒவ்வொரு கைக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துவையுங்கள்: யார் முன்னால் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், கையின் முடிவில் ஸ்டாக் எவ்வளவு மாறியது. ஃபோல்ட் செய்ததையும் அரை பிளைண்ட் நஷ்டம் என்று எழுத வேண்டும். சில நூறு கை சேர்ந்ததும் கால் செய்த வரிகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். கையொன்றுக்கு அரை பிளைண்டைவிட அதிகம் போயிருந்தால் அந்தக் கைகளை ஃபோல்ட் செய்திருப்பதே மலிவு.

கடைசியாக ஒன்று, இருவர் மட்டும் ஆடும் மேசையில் இது எதுவும் பொருந்தாது. அங்கே பட்டனில் இருப்பவர்தான் ஸ்மால் பிளைண்ட் போடுவார். முதல் சுற்றில் மட்டும் முதலில் பேசுவார், ஃபிளாப் முதல் ரிவர் வரை கடைசியில் பேசுவார். அதே பெயர், ஆனால் மேசையின் மிக நல்ல இடம். அங்கே நூற்றுக்கு எண்பது கைகளுக்கு மேல் ஆடலாம், நீங்கள் கேட்ட கிங்-9-ஐத் தயங்காமல் ரெய்ஸ் செய்யலாம்.